சின்னவளின் தொலைநோக்கி பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. அண்ணன் வழக்கம்போல் யாரிடமும் சொல்லாமல் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டார். எதற்கும் பிந்தி வருவதால் 'ஆறேகால்' என்று நாம் பட்டப்பெயர் வைத்த தோழிக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. அந்தக் குழந்தையாவது சொன்ன தேதியில் வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில். வானம் காட்டும் இடத்திலிருந்து உன் சின்னவளைத் திருப்பி அனுப்பியதையும், அவளுக்குத் தொலைநோக்கி வாங்கலாமா என்பதையும் எழுதியிருந்தாயே, இன்று அந்த மூன்றாம் பக்கத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

படித்து முடித்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. வானம் காட்டுகிறார்கள் என்று ஆசை ஆசையாகக் கிளம்பி வந்த பெண்ணைப் பார்த்து, "காது கேட்காத பிள்ளைக்கு இருட்டில் என்ன புரியப்போகிறது, பகலில் படம் காட்டும்போது கூட்டி வாருங்கள்" என்று ஒருவர் சொல்வதா? நீயும் தலையை ஆட்டிவிட்டு அவளைத் திரும்ப அழைத்து வந்தாயா? கார்த்திகைக் கூட்டத்தில் ஏழாவது நட்சத்திரம் தெரிகிறதா இல்லையா என்பதற்காக என்னோடு ஒரு வாரம் பேச்சை நிறுத்தியவள் நீ. அந்தச் சண்டைக்காரி அன்று எங்கே போனாள்?

சரி, திட்டி முடித்துவிட்டேன். நீ எழுதிய சிக்கல் உண்மையானதுதான். இருட்டில் உதட்டசைவு தெரியாது, கைச்சாடை தெரியாது. அவளைச் சுற்றி இருபது பேர் ஏதோ ஒன்றைப் பார்த்து வியக்கும்போது அவள் மட்டும் எதை என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. வானம் பார்ப்பவர்கள் எல்லோர் கையிலும் இருக்கும் சிவப்பு விளக்குதான் அது. மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையிலுள்ள கோல் செல்கள். அவை இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். வெள்ளை விளக்கை ஒரு நொடி போட்டாலும் அத்தனையும் வீண். சிவப்பு ஒளி மட்டும் அந்தச் செல்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிவிடு. பேசுகிறவர் முகத்தில் பக்கவாட்டிலிருந்து அந்த ஒளி மெல்லப் படட்டும். முதலில் பேச்சு, பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பார்வை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். எந்த விண்மீன் என்று காட்ட வேண்டுமானால் அவளுக்குப் பின்னால் நின்று, அவள் கையைப் பிடித்து, அவள் விரலையே அதை நோக்கி நீட்டு. கூட்டத்தில் நூறு முறை "அதோ அதோ" என்று கத்துவதைவிட அது துல்லியமானது.

அந்த மனிதர் சொன்னதில் எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. வானியலின் வரலாறு தெரிந்த ஒருவர் அப்படிப் பேசியிருக்க முடியாது. ஜான் குட்ரிக் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? சொல்லியிருந்தாலும் இன்னொரு முறை கேள்.

1764-இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே கேட்கும் திறனை இழந்துவிட்டார். வளர்ந்தபின் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் இருந்தார். அதே நகரத்தில் எட்வர்ட் பிகட் என்ற நண்பர், வானியலில் ஊறியவர். ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிக்கலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். 1782 நவம்பர் 12 இரவு, பதினெட்டு வயது குட்ரிக் பெர்சியஸ் விண்மீன் குழுவிலுள்ள அல்கோல் என்ற விண்மீனைப் பார்க்கிறார். இருக்க வேண்டிய பிரகாசம் அதற்கு இல்லை. அல்கோல் சில சமயம் மங்குகிறது என்பதை 1667 வாக்கில் இத்தாலியர் மொந்தனாரி குறித்து வைத்திருந்தார். ஆனால் எப்போது, எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஏன் என்று யாருக்கும் தெரியாது. குட்ரிக் விடவில்லை. இரவு இரவாக, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, வெறுங்கண்ணாலேயே அதன் காலத்தைப் பிடித்துவிட்டார். இன்று நாம் சொல்லும் கணக்கு 2 நாள் 20 மணி 49 நிமிடம். அவர் சொன்னது இதற்குச் சில நிமிட வித்தியாசத்தில்தான் இருந்தது.

காலத்தைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய பொருள் அல்கோலைச் சுற்றி வந்து நமக்கு முன்னால் மறைக்கலாம். அல்லது அல்கோலின் ஒரு பக்கத்தில் கறைகள் இருந்து, அது சுழலும்போது அந்தப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பலாம் என்று இரண்டு காரணங்களை முன்வைத்தார். லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி 1783-இல் அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. முதல் காரணமே சரி என்பது 1889-இல்தான் உறுதியானது. ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோகல் அல்கோலின் நிறமாலையை, அதாவது அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து விழும் பட்டையை, ஆராய்ந்து, அது இன்னொன்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக நகர்வதைக் காட்டினார். ஒரு பதின்வயதுப் பையனின் ஊகம் நூறாண்டுக்கும் மேல் காத்திருந்தது. அவர் காத்திருக்கவில்லை. 1786 ஏப்ரலில், இருபத்தொரு வயதில் இறந்துபோனார். இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது. இதை எழுதும்போது இப்போதும் என் கை கொஞ்சம் நின்றுவிட்டது.

போன டிசம்பரில் நானும் அல்கோல் மங்குவதைப் பார்த்தேன். உன்னிடம் சொல்லத் துடித்த செய்தியே இதுதான். மேலே எதுவும் மாறுவதில்லை, அதனால்தான் அலுப்பாக இருக்கிறது என்று நீ எப்போதும் சொல்வாய். ஒரே இரவுக்குள் மாறுகிறது, அம்மா! ஏழு மணிக்கு ஆந்திரமேடா குழுவின் அல்மாக்குக்கு அது சமமாக இருந்தது. ஒன்பது மணி வரை ஒன்றும் நடக்கவில்லை என்றே தோன்றியது. ஒன்பதரைக்குப் பிறகு அல்மாக் தெளிவாக முந்திவிட்டது. கண் ஏமாற்றுகிறதோ என்று உள்ளே போய் வந்தேன், மீண்டும் இருட்டுக்குப் பழகும்வரை சுவரில் சாய்ந்து நின்றேன், மறுபடி பார்த்தேன். அல்கோல் இன்னும் இறங்கியிருந்தது. நள்ளிரவு நெருங்கும்போது, பக்கத்திலேயே ரோ என்று ஒரு சிவந்த, சாதாரணமான விண்மீன் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது மிஞ்சியிருக்கவில்லை. பிறகு மெதுவாகத் தேறத் தொடங்கியது. மங்க ஐந்து மணி நேரம், மீள ஐந்து மணி நேரம்.

அங்கே உண்மையில் நடப்பது இது. நீலவெண்மை நிறமுள்ள சூடான விண்மீன் ஒன்று. செம்மஞ்சள் நிறத்தில், வெப்பமும் ஒளியும் குறைந்த, ஆனால் உருவத்தில் சற்றுப் பெரிய விண்மீன் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 90 லட்சம் கிலோமீட்டர்தான். சூரியனிலிருந்து புதன் இருக்கும் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு. மங்கலானது பிரகாசமானதை ஓரளவு மறைக்கும்போது நமக்கு ஒளி குறைகிறது. அல்கோல் சுமார் 90 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால், டிசம்பரில் நான் பார்த்த கிரகணம் என் பாட்டி சிறுமியாக இருந்தபோதே நடந்து முடிந்துவிட்டது.

இதற்குள் இன்னொரு புதிர் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எடை அதிகமான விண்மீன் எரிபொருளை விரைவில் தீர்த்துவிட்டு முதலில் முதுமை அடையும், விதி அப்படி. அல்கோலில் மூத்துப் பருத்திருப்பதோ எடை குறைந்தது. சூரியனின் நிறையில் முக்கால் பங்குகூட அதற்கு இல்லை. மூன்று சூரியன்களுக்கு மேல் நிறையுள்ள அதன் துணை இன்னும் இளமையாக நிற்கிறது. வானியலாளர்களை வெகுகாலம் குழப்பிய விஷயம் இது. விடை என்னவென்றால், ஒரு காலத்தில் அந்த மெலிந்ததுதான் எடை கூடியதாக இருந்தது. அது முதிர்ந்து ஊதியபோது வெளிப்புறப் பொருள் துணையின் ஈர்ப்புக்குள் வழிந்து போனது. கொடுத்தது மெலிந்தது, வாங்கியது கொழுத்தது. சின்னவளிடம் விடையை உடனே சொல்லிவிடாதே. அவளே யோசிக்கட்டும்.

குட்ரிக் 1784-இல் இன்னொரு விண்மீனையும் கண்டார்: சீஃபியஸ் குழுவின் டெல்டா. அது 5 நாள் 9 மணிக்கு ஒரு முறை தானே விரிந்து சுருங்கி ஒளி மாறுவது. அந்த வகை விண்மீன்களுக்கே செஃபீடு என்று பெயராகிவிட்டது. நூறாண்டு தாண்டி, ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியெட்டா லெவிட் கண்ணாடித் தகடுகளில் பதிந்த படங்களைப் பார்த்துப் பார்த்து சுமார் 2,400 மாறு விண்மீன்களைக் கண்டுபிடித்தார். பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்திலுள்ள 25 செஃபீடுகளை வைத்து, துடிப்பின் காலம் நீள நீள உண்மையான பிரகாசமும் கூடுகிறது என்று 1912-இல் காட்டினார். உண்மையான பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைச் சொல்லிவிடலாம். 1923-இல் எட்வின் ஹபிள் என்ற வானியலாளர், ஆந்திரமேடா குழுவின் திசையில் புகைபோலத் தெரியும் திட்டில் ஒரு செஃபீடைப் பிடித்தபோது, அந்தத் திட்டு நம் பால்வீதிக்கு வெகு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்று தெரிந்தது. இன்றைய கணக்கில் 25 லட்சம் ஒளியாண்டு. வானம் எவ்வளவு பெரியது என்று நமக்குச் சொன்னது லெவிட்டின் அந்தக் கணக்குதான். லெவிட்டுக்கும் காது சரியாகக் கேட்காது. அதே ஆய்வகத்தில் சுமார் மூன்றரை லட்சம் விண்மீன்களை நிறமாலை பார்த்து வகைப்படுத்திய ஆனி ஜம்ப் கேனனுக்கும் அப்படியே.

ஒரு வேண்டுகோள். காது கேட்காவிட்டாலும் சாதித்தார்கள் என்று அவளிடம் இவர்களை நீட்டாதே. அந்தப் பேச்சை அவள் வாழ்நாளுக்கும் போதுமான அளவு கேட்டிருப்பாள். அல்கோல் ஏன் மங்குகிறது என்பதில் தொடங்கு. யார் கண்டுபிடித்தார் என்று அவளே கேட்பாள், அப்போது முழுக் கதையையும் சொல்.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். பெட்டியின் மேல் முந்நூறு மடங்கு, ஐந்நூறு மடங்கு என்று அச்சடித்து விற்கிறார்களே, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதே. முக்கியமானது முன்புற வில்லையின் அகலமும் ஆடாத முக்காலியும். ஆடும் முக்காலியில் சனிக் கோளைத் தேடிச் சலித்த குழந்தை மறுநாள் வானத்தையே வெறுத்துவிடும். வளையம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள், தெரியும். 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாகிப் போனது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் அகலமாகத் தெரியும். நல்ல கருவியாகப் பார்த்து வாங்க நிறைய நேரம் இருக்கிறது. அதுவரை ஏழு மடங்கு, 50 மில்லிமீட்டர் பைனாகுலர் போதும். சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும், நிலவின் பள்ளங்களும் தெரியும். கார்த்திகைக் கூட்டத்தையும் அதில் எண்ணச் சொல், நம் வழக்கைத் தீர்த்து வைக்கட்டும்.

அல்கோலுக்கு அதுகூட வேண்டாம். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இரவு வடக்கு வானில், ஐந்து விண்மீன்கள் மேலும் கீழுமாக நிற்கும் காசியோப்பியாவுக்கும் கார்த்திகைக் கூட்டத்துக்கும் நடுவே பெர்சியஸ் இருக்கும். அதில் முதல் பிரகாசம் மிர்ஃபாக், அடுத்தது அல்கோல். ஒரு நள்ளிரவில் அது முழுதாக மங்குவதைப் பார்த்துவிட்டால், மூன்றாம் இரவு எட்டே முக்கால் சுமாருக்கு மறுபடி மங்கும். ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முன்னே வரும். கணக்கு அவள் போடட்டும், நீ சரிபார்க்காதே. ஒப்பிடும் விண்மீன் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவை. அடிவானத்தை நெருங்கும் எதுவும் காற்றால் மங்கித்தான் தெரியும்.

பைனாகுலர் வாங்க வேண்டாம், என்னுடையதை அனுப்புகிறேன். இடது கண் பக்கத்து வளையம் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும், பலம் கொடுக்க வேண்டாம். கழுத்து வார் நைந்திருக்கிறது, அவள் கையில் கொடுக்கும் முன் புதிதாக மாற்றிவிடு. பெர்சியஸ் படம் ஒன்றும் வரைந்து வைக்கிறேன், ஒப்பிட வேண்டிய விண்மீன்களைக் குறித்து. அவள் பார்த்து எழுதும் நேரங்களை எனக்கு அனுப்பச் சொல். என்னுடைய குறிப்புகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி