தோட்டத்து மழைக் கணக்கு லயத்துக்கும் சொல்லப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் வந்துவிட்டால் 'மண்சரிவு எச்சரிக்கை நீடிப்பு' என்ற தலைப்பு தங்கள் பத்திரிகையில் அடிக்கடி இடம்பெறுகிறது. அதன் கீழே மாவட்டங்களின் பெயர்களும் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிறங்களும் வரிசையாக வருகின்றன. அந்த நிறங்கள் எந்த அளவிலிருந்து பிறக்கின்றன என்பது வாசகர் பலருக்குத் தெரியாது. அந்த அளவைத் தரும் கணக்கோ மலையகத் தோட்டங்கள் பலவற்றில் நெடுங்காலமாக நாள்தோறும் எடுக்கப்பட்டு வருகிறது. ஆனால் அதே தோட்டத்தின் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, அது சொல்லப்படுவதில்லை. இந்த இரண்டையும் பற்றியே எழுதுகிறேன்.

ஊவாப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் காரியாலயத்தில் 31 ஆண்டுகள் எழுதுவினைஞராகப் பணியாற்றினேன். தோட்டத்தார் வாயில் 'கிளாக்கரய்யா'. தினமும் காலை எட்டரை மணிக்கு என் முதல் வேலை மழை அளப்பதுதான். காரியாலயத்துக்கு முன்னால், மரநிழல் படாத புல்தரையில், பாதி மண்ணில் பதிக்கப்பட்ட ஒரு செப்பு உருளை நிற்கும். மேலே புனல், உள்ளே குடுவை. குடுவையில் சேர்ந்த நீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகத் தாழ்த்திப் பார்த்து, மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் பூச்சியம் எழுத வேண்டும், வெறுமனே விடக்கூடாது. எனக்கு முன்பிருந்தவர்கள் அங்குலத்தில் எழுதிய பழைய புத்தகங்கள் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தன. நான் எழுதியது மில்லிமீற்றரில். மாத முடிவில் கூட்டுத்தொகை கொழுந்து அறிக்கையோடு கம்பனிக்குப் போகும். எந்த வாரம் உரம் போடுவது, எந்த மலையில் கவாத்து வெட்டுவது என்பதையெல்லாம் துரைமார் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள். தேயிலைச் செடிக்காக எடுக்கப்பட்ட கணக்கு அது. மனிதருக்காகவும் அதைப் படிக்கலாம் என்று அந்த 31 ஆண்டுகளில் பெரும்பகுதிக்கு எனக்கே தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மண்சரிவு எச்சரிக்கையை விடுப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். நிலத்தின் சாய்வு, மண்ணின் தன்மை, முன்பு சரிந்த இடங்கள் ஆகியவற்றைக் கொண்டு தயாரித்த ஆபத்து வலய வரைபடங்கள் ஒரு பக்கம், பெய்த மழையின் அளவு மறு பக்கம் என இரண்டையும் சேர்த்தே அது முடிவெடுக்கிறது. மழையைப் பொறுத்தவரை அதன் வரம்புகள் எவரும் மனப்பாடம் செய்துகொள்ளக் கூடியவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும்; இது மஞ்சள். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும்; இது செம்மஞ்சள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், உடனே வெளியேற வேண்டும்; இது சிவப்பு. அங்குலத்தில் பேசிப் பழகிய பெரியவர்கள் மூன்று, நான்கு, ஆறு என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

மில்லிமீற்றர் என்ற சொல் சிறிதாக ஒலிப்பதால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். ஒரு ஏக்கர் தேயிலை மலையில் 150 மில்லிமீற்றர் பெய்தால் விழுந்த நீர் ஆறு லட்சம் லீற்றரைத் தாண்டும். அந்த நீர் கான் எனப்படும் வடிகால் வழியே ஓடிவிட்டால் பாதகம் குறைவு. கான் வெட்டும் ஆட்களைக் குறைத்துவிட்டு, கான்கள் தூர்ந்து புல் மண்டிக் கிடக்கும் மலைகளில் அது எங்கே போகும்? மண்ணுக்குள் இறங்குகிறது. கீழே பாறையில் முட்டி நிற்கிறது. மேலிருக்கும் மண் கனத்து, பிடி தளர்ந்து வழுக்குகிறது. எங்கள் முன்னோர் வெட்டிய கான்களின் அருமை, அவை தூர்ந்த பிறகுதான் தெரிகிறது.

இனி, எச்சரிக்கை எங்களை வந்தடையும் வழியைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையம், அங்கிருந்து மாவட்டப் பிரிவு, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், பிறகு தோட்டக் காரியாலயம், பிறகுதான் தோட்டத்தின் உட்பிரிவான டிவிசன். இத்தனை கைகளில் ஒரு கை அயர்ந்தாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும். இப்போது வட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். என் தொலைபேசிக்கு வரும் எச்சரிக்கைப் படங்களில் பெரும்பாலானவை சிங்களத்தில் மட்டுமே வருகின்றன. தமிழ்ப் பிரதி வந்தால் அது பின்தங்கியே வருகிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. மழைக்கு மட்டும் இன்னும் ஒரு மொழிதான் போலும். மற்றொரு கோளாறு, படத்தைப் பகிர்பவர்கள் அது செல்லுபடியாகும் காலத்தைப் பார்ப்பதில்லை. எந்தத் திகதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பது அறிவித்தலின் தலைப்பிலேயே இருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பகிரப்பட்ட நேற்றைய சிவப்பு, இன்று வெயிலடிக்கும்போது ஒருவருடைய கைக்கு வருகிறது. அவர் சிரிக்கிறார். அடுத்த முறை உண்மையான சிவப்பு வரும்போதும் சிரிப்பார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவை அலகாகக் கொண்டது என்பது. மலைநாட்டில் மழை அப்படிப் பிரிவு பார்த்துப் பெய்வதில்லை. ஒரு முகட்டின் இந்தப் பக்கம் 40 மில்லிமீற்றர் பெய்திருக்க, அந்தப் பக்கம் 120 பெய்திருப்பதை எங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டத்தையும் ஒப்பிட்டு நானே பலமுறை பார்த்திருக்கிறேன். தானியங்கி மழைமானிகள் பல இடங்களில் இருப்பது உண்மை; அவை அனுப்பும் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவை இல்லை. அனர்த்தம் நடக்கும் இரவில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் முதலில் விழுகின்றன என்பதை 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாடே கண்டது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டிய அந்த நாட்களில், 600க்கும் மேற்பட்டோரை நாடு இழந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவே பலரைக் கொண்டுபோனது. அந்த இரவுகளில் எத்தனையோ தோட்டங்களுக்குக் கொழும்பிலிருந்து எந்தச் செய்தியும் வந்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தோட்டங்களின் காரியாலய முற்றத்தில் புனலுக்குள் மழை விழுந்துகொண்டுதான் இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வடகீழ்ப் பருவ மழையின்போது காலையில் குடுவையைத் தூக்கினேன். அது நிரம்பி வெளி உருளைக்குள்ளும் நீர் வழிந்திருந்தது. கண்ணாடிக் குவளையால் திரும்பத் திரும்ப அளந்து, கூட்டி, 152 என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கவனம் அதிகம். எழுதி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் நம்பர் மலைக்குக் கீழேயுள்ள லயத்திலிருந்து ஒரு கங்காணி வந்தார். தலையில் போட்டிருந்த உரச் சாக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஐயா, ராத்திரி முழுக்க ஒருத்தரும் படுக்கல. பின்செவுத்துல கை நுழையிற அளவுக்கு வெடிச்சிருக்கு. கதவு சாத்த வரல. எவ்வளவுய்யா பேஞ்சிருக்கு?" என்று கேட்டார். "ஆறு அங்குலம், கங்காணி" என்றேன். அவர் "அம்மாடி" என்றார். அவ்வளவுதான் எங்கள் உரையாடல். வெளியேற வேண்டிய வரம்பை அந்த மழை தாண்டியிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த லயம் அன்று தப்பியது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல.

மீரியபெத்தை அப்படித் தப்பவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் பின்னர் கூறினார்கள். எச்சரித்த கடிதம் எந்த மேசையில் தங்கியது என்ற வாதம் பல நாட்கள் நடந்தது. வேறு வீடும் நிலமும் கொடுக்காமல் 'போ' என்று மட்டும் சொல்லும் கடிதத்தால் ஆகப்போவது என்ன என்பது தனியாக எழுத வேண்டிய விடயம். ஆனால் அதற்கு முந்தைய இரவு எவ்வளவு மழை பெய்தது என்பதாவது அவரவர் லயத்தில் அவரவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தோட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது செலவில்லாத ஒன்று. காலையில் அளந்த அளவை அன்றன்றே, வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிவிசனிலும் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒரு கரும்பலகையில் தமிழில் எழுதுங்கள். அளவோடு முந்தைய மூன்று நாட்களின் அளவையும் எழுதினால் நல்லது, ஏனெனில் ஏற்கெனவே ஊறிய மண் குறைந்த மழைக்கும் சரியும். இதைச் சொன்னபோது ஒரு நிர்வாகி, "வெளியேறச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை; எண்ணைச் சொன்னால் ஆட்கள் பயந்து வேலைக்கு வரமாட்டார்கள்" என்றார். எண் ஒன்றும் கட்டளை இல்லை. வெப்பமானியைப் பார்த்துக் காய்ச்சல் 103 என்று சொல்பவர் வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. வீட்டார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா மாட்டார்களா என்பது அடுத்த கதை.

காலை எட்டரைக் கணக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய மழை மறுநாள் காலை எட்டரைக்குள் 80 மில்லிமீற்றர் பெய்து, அதன்பின் மாலை நான்குக்குள் இன்னொரு 80 பெய்ததாக வைத்துக்கொள்வோம். மழைப் புத்தகத்தில் அது இரண்டு நாட்களின் கணக்கில் 80, 80 என்று பிரிந்து பதிவாகும். புத்தகத்தைப் பார்ப்பவருக்கு இரண்டு நாளும் விழிப்பாக இருந்தால் போதும் என்றே தோன்றும். உண்மையில் 24 மணித்தியாலத்தில் பெய்தது 160; லயம் காலியாகியிருக்க வேண்டும். ஆகவே அடைமழை நாளில், 75ஐ நெருங்கியதிலிருந்து, மணிக்கொரு தடவை அளந்து நேரத்தோடு குறித்துக்கொள்ள இரவிலும் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் தோட்ட உத்தியோகத்தராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. டிவிசனில் உள்ள படித்த பிள்ளைகள் இருவருக்குப் பழக்கிவிட்டால் போதும். நேர்ச்சுவருள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வாய்க்குள் செருக வேண்டும். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கல்லும் நீரும் இட்டு நேர்ச்சுவர் தொடங்கும் இடம்வரை நிரப்பி, அந்த நீர்மட்டத்தில் பூச்சியம் வருமாறு அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் மழைமானி ஆயத்தம். கூரைத் தாழ்வாரத்துக்கு அடியிலோ மரத்தடியிலோ வைக்காமல், வெட்டவெளியில் அசையாதபடி நிறுத்த வேண்டும். ஓய்வுபெற்ற பின் என் வீட்டு முற்றத்தில் அப்படி ஒன்றை வைத்திருக்கிறேன். செப்பு மழைமானிக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம், 100 மில்லிமீற்றரில் ஆளைத் திசைதிருப்பும் அளவுக்குப் பெரியதாக இருந்ததில்லை. அளவு வரம்பைத் தாண்டியதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லலாம். மின்சாரம் இல்லையென்றால் தப்பு என்ற பறை இருக்கிறது. விடியற்காலையில் வேலைக்கு எழுப்பிய தப்பை, இரவில் உயிர்காக்கவும் அடிக்கலாம்.

அளவு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்காக எவரும் நிம்மதியாகப் படுத்துவிடவும் கூடாது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, திடீரென்று சாத்த மறுக்கும் கதவு, சாயும் மரமும் கம்பமும், இல்லாத இடத்தில் கிளம்பும் ஊற்று, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் கலங்குவது அல்லது சட்டென்று நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், போத்தலைப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு இறங்கிய பிறகு பேசலாம். எங்கே இறங்குவது என்பதை மழைக்கு முன்பே பார்த்து வைத்திருப்பதும் அவசியம். பல தோட்டங்களில் முகாமாகக் குறிக்கப்படும் பாடசாலையும் கோயிலும் அதே சரிவில்தான் நிற்கின்றன.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எச்சரிக்கைச் செய்தியைப் பிரசுரிக்கும் ஒவ்வொரு முறையும், அது எத்தனை மணி வரை செல்லுபடியாகும் என்பதையும், 75, 100, 150 என்ற மூன்று எண்களின் பொருளையும் அதே கட்டத்துக்குள் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்துக்குப் பத்திரிகை வந்துசேர முற்பகல் ஆகிவிடும். அதற்குள் செய்தி பழையதாகிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரியை வெட்டி லயத்துக் கதவில் ஒட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டக் காரியாலய எழுதுவினைஞர்,
ஹப்புத்தளை.