ஸ்டென்ட் எடுக்கும் தேதியைத் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பித்தநாளக் கல்லை வயிற்றைக் கிழிக்காமல், வாய்வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாயைச் செலுத்தி எடுக்கும் முறை 1974-லேயே ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வந்துவிட்டது. இன்று நம் ஊரிலும் இந்த முறையை ஈ.ஆர்.சி.பி. என்றால் பலருக்குத் தெரிகிறது. அருமையான சிகிச்சைதான். அதற்குப் பிந்தைய கவனிப்பில்தான் கோட்டை விடுகிறோம்.

பித்தம் தடையில்லாமல் இறங்க, பலருக்குப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்து அனுப்புகிறார்கள். பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அப்படியே விட்டால் அடைத்துக்கொள்ளும். மஞ்சள் காமாலை, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. என் பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் கடைசிப் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. வலிதான் நின்றுவிட்டதே என்று அவரும் இருந்துவிட்டார். அப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் சேர்க்க வேண்டியதாயிற்று.

எடுக்க வேண்டிய தேதியை மருத்துவமனைகள் முதல் பக்கத்திலேயே தமிழில் பெரிதாக எழுத வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, நாள் நெருங்கும்போது போன் செய்ய வேண்டும். பித்தப்பையிலும் கல் இருந்தால், லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்கு எப்போது வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்