மக்கள்தொகையைக் காரணம் காட்டித் திமிங்கல வேட்டைக்கு வழி திறக்காதீர்கள்

சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்தின் உறுப்பு நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பேராளர்களே,

வணக்கம். உலக மக்கள்தொகை பெருகிக்கொண்டே போகிறது, இத்தனை பேருக்கும் புரதம் வேண்டும், ஆகவே எண்ணிக்கையில் மீண்டு வரும் திமிங்கலங்களை அளவோடு பிடித்து உண்பதே முறை என்ற வாதம் உங்கள் அவையில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. 2022இல் ஸ்லோவேனியாவின் போர்ட்டரோஸ் நகரில் நீங்கள் கூடியபோது, உணவுப் பாதுகாப்பு என்ற தலைப்பிலேயே ஒரு வரைவுத் தீர்மானம் உங்கள் முன் வைக்கப்பட்டது. அடுத்த மாதமே, உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டிவிட்டதாக ஐ.நா. அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் முதலில் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அது தவறு என்று உறுதியாகத் தெரிந்ததால் இம்மடலை எழுதுகிறேன்.

பசியை நான் இலேசாக எண்ணவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் உணவின்றித் தவித்த 1946ஆம் ஆண்டில், அங்கு ஆட்சியைக் கையில் வைத்திருந்த நேசநாட்டுப் படைத் தலைமை, அண்டார்க்டிக் கடலுக்கு வேட்டைக் கப்பல்கள் செல்ல அனுமதி அளித்தது. 1947இல் ஜப்பானியர் உண்ட விலங்குப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி திமிங்கல இறைச்சியிலிருந்தே கிடைத்தது. சோயா சாற்றில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்த திமிங்கலத் துண்டு பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுத் தட்டில் இருந்தது; அதைத் தின்று வளர்ந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். பள்ளியில் கிடைக்கும் ஒருவேளைச் சோறு ஒரு தலைமுறையை எப்படித் தூக்கி நிறுத்தும் என்பது தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்த நினைவை இழித்துப் பேச எனக்கு உரிமையில்லை.

ஆனால் இன்றைய நிலை வேறு. 1962 வாக்கில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னைத் தாண்டியிருந்த ஜப்பானின் திமிங்கல இறைச்சி நுகர்வு, இப்போது ஏறத்தாழ 2,000 டன்னாகச் சுருங்கிவிட்டது. அதை அந்நாட்டின் பன்னிரண்டரைக் கோடி மக்களுக்கும் பங்கிட்டால், ஆண்டு முழுவதற்கும் ஒருவருக்குச் சுமார் 16 கிராம் வரும். 800 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குக் கால் கிராம். பெருகும் மக்கள்தொகையை முன்னிறுத்தி எழுப்பப்படும் கோரிக்கையின் முழு எடை இவ்வளவுதான். இத்தனைக்கும் ஜப்பானின் மக்கள்தொகையே பதினைந்து ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. 2023இல் அங்கு பிறந்த குழந்தைகள் 7.3 லட்சத்துக்கும் குறைவு. அந்நாடு 2019 ஜூன் 30 அன்று உங்கள் ஆணையத்தைவிட்டு விலகி, மறுநாளே வணிக வேட்டையைத் தொடங்கியது. 2024இல் 750 கோடி யென் செலவில் கட்டிய கங்கேய் மாரு என்ற, பிடித்த திமிங்கலங்களை வெட்டிப் பதப்படுத்தும் தாய்க்கப்பலைக் கடலுக்கு அனுப்பியதோடு, நீலத் திமிங்கலத்துக்கு அடுத்தபடி உலகின் மிகப்பெரிய உயிரினமான ஃபின் திமிங்கலத்தையும் வேட்டைப் பட்டியலில் சேர்த்தது. இவை பசியினால் எடுத்த முடிவுகள் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

திமிங்கலங்கள் அழிந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1930-31 பருவத்தில், உலக மக்கள்தொகை 200 கோடியாக இருந்தபோது, அண்டார்க்டிக்கில் மட்டும் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அவற்றின் கொழுப்பு சோப்பாகவும் மார்ஜரினாகவும் ஐரோப்பிய வீடுகளுக்குப் போனது. சோவியத் கப்பல்களோ 1940களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை தென்கடல்களில் 48,000க்கும் மேற்பட்ட கூனல் திமிங்கலங்களைக் கொன்றுவிட்டு, 2,710 மட்டுமே என்று உங்கள் ஆணையத்துக்குக் கணக்குக் கொடுத்தன. அரசுத் திட்டம் வகுத்த இலக்கை எட்டுவதே நோக்கமாக இருந்ததால், பெரும்பாலும் கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு உடலைக் கடலிலேயே தள்ளினார்கள். அரபிக் கடலைவிட்டு வெளியே போகாத சிறு கூனல் திமிங்கலக் கூட்டமும் 1960களில் இவர்களிடம் சிக்கியது. இன்று அதில் நூறு எஞ்சியிருந்தாலே அதிகம். ஒரு நீலத் திமிங்கலத்துக்கு இரண்டு ஃபின், அல்லது இரண்டரைக் கூனல், அல்லது ஆறு சேய் (sei) இனத் திமிங்கலங்கள் ஈடு என்று உயிரினங்களை எண்ணெய் அளவால் மாற்றிக் கணக்கிட்டு, 1972 வரை வேட்டை அளவை வகுத்தது உங்கள் ஆணையமே. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு கன்றை மட்டும் ஈனும் உயிரை அப்படிக் கணக்கிட்டதன் விளைவைச் சரிசெய்யத்தான் 1982இல் வணிக வேட்டைக்குத் தடை கொண்டுவந்தீர்கள்.

திமிங்கலங்கள் நம் மீனைத் தின்றுவிடுகின்றன என்றும் சொல்லப்படுகிறது. தென்கடலில் மீனும், கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரும் தின்னும் திமிங்கலங்களை லட்சக்கணக்கில் நீக்கிய பிறகு கிரில் பெருகியிருக்க வேண்டும்; பெருகவில்லை. திமிங்கலக் கழிவில் உள்ள இரும்பே மேல்மட்டக் கடலில் நுண்பாசிகளை வளர்க்கிறது, அப்பாசியைத் தின்றுதான் கிரில் வாழ்கிறது என்பதை ஆய்வாளர்கள் இப்போது விளக்குகிறார்கள். பிடிபடும் மீனிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் எவர் தட்டுக்கும் நேரே போகாமல், பெரும்பாலும் மீன்மாவாகவும் மீனெண்ணெயாகவும் அரைக்கப்படுகிறது. பசித்தவருக்காகப் பேசுவோர் முதலில் கேட்க வேண்டியது அந்த 2 கோடி டன்னைப் பற்றி.

இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் 2016 ஜனவரியில் எங்கள் தூத்துக்குடிக் கரையில் கண்டது நினைவுக்கு வருகிறது. கல்லாமொழிக்கும் மணப்பாட்டுக்கும் இடையே எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். விட்டவை மீண்டும் கரைக்கே வந்தன. மீண்டும் இழுத்துப் போனார்கள். மணலில் கிடந்தவை மூச்சு விடும்போது தலையுச்சித் துளை சத்தத்தோடு திறந்து மூடியது. மீனை நம்பிப் பிழைப்பவர்கள்தாம் அன்று தொழிலை விட்டுவிட்டு இடுப்பளவு நீரில் நின்றார்கள்.

வேட்டையாடுவோர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்குமாறு நான் கேட்கவில்லை. அலாஸ்காவின் இன்யூப்பியாட் மக்களுக்கான போஹெட் இனத் திமிங்கல வேட்டையை 1977இல் ஆணையம் நிறுத்தியது. எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிட அதிகம், பனிப்பாளத்தின் அடியிலேயே அவை நீந்திப் போகின்றன என்று அம்மக்கள் வாதிட்டார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது; 2011 கணக்கெடுப்பில் அவ்வினம் 16,000ஐத் தாண்டியிருந்தது. அங்கே பிடித்தது ஊருக்குள் பங்கிடப்படுகிறது, கடைக்குப் போவதில்லை. பின்னர் நீங்கள் அவர்களுக்கு அளித்த வேட்டை ஒதுக்கீட்டில் கைவைக்காதீர்கள். அதை மேற்கோள் காட்டி வணிக வேட்டைக்கு இடம் கொடுக்கவும் வேண்டாம்.

800 கோடி மனிதரின் சுமை திமிங்கலங்களின்மேல் விழுவது உண்மை. அது சரக்குக் கப்பலாகவும், வலையாகவும், கிரில் இழுவையாகவும் விழுகிறது. 2025இல் அண்டார்க்டிக் கிரில் மீன்பிடி, பருவம் முடியும் முன்பே 6,20,000 டன் வரம்பை எட்டி மூடப்பட்டது. பிடித்ததில் பெரும்பகுதி பண்ணை மீன்களுக்குத் தீவனமாகவும் மாத்திரைகளுக்கு எண்ணெயாகவும் போகிறது. இலங்கையின் தென்முனையில், மாத்தறையை அடுத்த தேவேந்திரமுனைக்கு அருகே, நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் நீர்ப்பரப்பின் ஊடாகவே உலகின் மிக நெரிசலான கப்பல் தடங்களுள் ஒன்று செல்கிறது. அதைப் பதினைந்து கடல்மைல் தெற்கே நகர்த்தினால் மோதல் பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் 2022 முதல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியிருக்கிறது. 1979இல் செஷல்ஸ் நாட்டின் முன்மொழிவின்பேரில் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தவர்கள் நீங்கள். அதற்குள்ளே இந்தத் தடம் இருக்கிறது.

ஆகவே மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு வணிக வேட்டைத் தடையைத் தளர்த்தும் எந்தத் தீர்மானத்தையும் ஏற்க வேண்டாம் என்றும், தேவேந்திரமுனைத் தடத்தை மாற்ற இலங்கை அரசோடும் சர்வதேசக் கடல்சார் அமைப்போடும் உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்க வேண்டும் என்றும், 1981 முதல் உங்கள் அவையில் அமர்ந்திருக்கும் இந்தியா அதை முன்மொழிய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைவாசி ஒருவர்