குதிக்கறதுக்கு முன்னாடி எடை பாக்கறாங்களான்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாள் முன்னாடி உங்க பேப்பர் வாசகர் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு, இந்தக் காலத்துப் பசங்க கையில நாலு காசு வந்ததும் பிரெண்ட்ஸோட வெளிநாடு கிளம்பிடறாங்க, அங்க போய் மலையில இருந்து குதிக்கறது ஆத்துல விழறதுன்னு உசுரப் பணயம் வெக்கிறாங்க, பெத்தவங்க தான் கண்டிச்சு வெக்கணும்னு. அவர் கவலைய நான் தப்பு சொல்லல, எங்க அம்மாவும் அதையே தான் சொன்னாங்க. ஆனா போகாதேன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, போறதுன்னா என்னென்ன கேட்டுட்டு போகணும்னு சொல்ல ஆளே இல்ல, டூர் விக்கிறவங்களும் சொல்றதில்ல. காலேஜ் பிரெண்ட்ஸோட சேர்ந்து முதல் தடவையா நம்ம நாட்டு எல்லையத் தாண்டி நேபாளம் போயிட்டு வந்தவங்கிற முறையில இதை எழுதறேன்.

நேபாளம் ஏன்னா எங்க சம்பளத்துக்கு அது தான் கட்டுபடியாச்சு. விசா கிடையாது, நம்ம 100 ரூபா அங்க 160 ரூபா, ரொம்ப வருஷமா இதே கணக்கு தான். எங்கள்ல பாதிப் பேருக்கு பாஸ்போர்ட்டே இல்ல. சென்னை சென்ட்ரல் வழியா போற ராப்திசாகர் எக்ஸ்பிரஸ்ல ஏறி கோரக்பூர், அங்கிருந்து பஸ்ல எல்லையில இருக்கற சோனௌலி, அப்புறம் பெட்டியத் தூக்கிட்டு நடந்தே பார்டரைத் தாண்டிட்டோம். பிளைட்ல போறவங்க ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க, நேபாளத்துக்கு பிளைட் ஏற பாஸ்போர்ட் இல்லன்னா தேர்தல் கமிஷன் குடுத்த வோட்டர் ஐடி வேணும், 15 வயசுக்குக் கீழ, 65 வயசுக்கு மேல இருக்கறவங்களைத் தவிர மத்தவங்களுக்கு ஆதார் செல்லாது. இது தெரியாம ஏர்போர்ட் வரைக்கும் போய் திரும்பி வர்றவங்க இன்னும் இருக்காங்க.

நாங்க போன ஊரு பொக்கரா. பார்டரைத் தாண்டினதும் வர்ற பைரஹவால இருந்து அதுக்கு மலைப்பாதை, வளைஞ்சு வளைஞ்சு போய்ட்டே இருக்கும், வாந்தி வர்றவங்க முன் சீட்டு கேட்டு வாங்கிக்கங்க. ஊர் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம், ஃபேவா ஏரி, அதுக்குப் பின்னாடி அன்னபூர்ணா மலை வரிசை, நடுவுல மீன் வால் மாதிரி பிளந்து நிக்கிற மச்சாபுச்ரே. 6,993 மீட்டர், ஆனா புனிதமான மலைன்னு அதுல ஏற யாருக்கும் அனுமதி குடுக்கறதில்ல. எங்க ஹோட்டல் மொட்டை மாடியில இருந்தே தெரிஞ்சுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சாரங்கோட்னு ஏரிக்கு மேல ஒரு மலை இருக்கு, நாங்க போனப்ப அங்கிருந்து தான் பாராகிளைடிங், அதாவது பாராசூட் மாதிரி பெரிய துணியில தொங்கிக்கிட்டு பைலட்டோட பறக்கறது. காலையில ஜீப்ல ஏத்திட்டுப் போய் மேல நிறுத்திட்டாங்க, ஆனா பறக்க விடல. காத்து சரியில்லன்னு பைலட்டுங்க எல்லாரும் சும்மா உக்காந்து காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டற துணிப்பை காத்தாடியப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. வேற குரூப்ல ஒருத்தர் பணம் கட்டியாச்சு, மத்தியானம் பஸ்ஸு, சீக்கிரம் விடுங்கன்னு சத்தம் போட்டாரு. அந்த பைலட் கோவப்படவே இல்ல, பஸ்ஸு போனா நாளைக்கு வேற பஸ்ஸு இருக்குன்னு ஹிந்தியில சொல்லிட்டு திரும்பவும் காத்தாடியப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு அந்த நிமிஷம் தான் தைரியமே வந்துச்சு. வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு கூட தான் பறக்கலாம். நம்ம நாட்டுலயும் ஹிமாச்சல்ல மழைக்காலத்துல ஜூலை 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பாராகிளைடிங்கையே நிறுத்தி வெச்சுடறாங்க, இது சாதாரண காரணத்துக்கு இல்லீங்க, திடீர்னு திரும்பற காத்துல எவ்வளவு பழகின பைலட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.

கிளம்பறதுக்கு முன்னாடி என்னோட பறந்த பைலட் என்னென்ன பண்ணாருன்னு சொல்றேன், ஏன்னா இது தான் பாக்க வேண்டியது. ஹெல்மெட் பக்கிள் போட்டு தாடைக்குக் கீழ விரல் விட்டுப் பாத்தாரு. ரெண்டு தொடையிலயும் பெல்ட், நெஞ்சுல ஒண்ணு, ஒவ்வொண்ணா பூட்டிட்டு அவரே இழுத்துப் பாத்தாரு, அப்புறம் என்னையும் இழுக்கச் சொன்னாரு. ரெண்டு பேரையும் கிளைடரோட சேக்கற இரும்புக் கொக்கிய திருகிப் பூட்டினதும் அதைத் தட்டிக் காட்டினாரு. ரிசர்வ் பாராசூட் எங்க இருக்குன்னு கேட்டேன், சீட்டுக்குக் கீழ கைப்பிடியக் காட்டினாரு. கடைசியா ஒரே ஒரு விஷயம் திரும்பத் திரும்பச் சொன்னாரு, ஓடணும், நான் சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாது. பாதி ஓடிட்டு பயத்துல உக்காந்துடறது தான் டேக் ஆஃப்ல நிறைய பேர் அடிபடக் காரணமாம். ஓடினேன், நாலு எட்டு வெச்சேனோ என்னவோ, காலுக்குக் கீழ தரையைக் காணோம். மேல போனதும் சத்தமே இல்ல, காத்து மட்டும் தான், எங்களுக்குப் பக்கத்துல கழுகு ஒண்ணு அதே சூடான காத்துல வட்டம் போட்டு ஏறிக்கிட்டு இருந்துச்சு, அது றெக்கை நுனியில இறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா விரிஞ்சு நடுங்கறது கூட தெரிஞ்சுது. வட்டம் போடப் போட வயித்தைக் கலக்கும், காலையில லைட்டா சாப்ட்டுட்டு போங்க.

குஷ்மான்னு ஒரு ஊரு, பொக்கரால இருந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம். காளி கண்டகி ஆறு ரொம்ப ஆழத்துல போகுது, அதுக்கு மேல தொங்கு பாலம், அந்தப் பாலத்துல இருந்து தான் பஞ்சி ஜம்ப், அதாவது ரப்பர் கயித்தைக் கட்டிக்கிட்டு குதிக்கறது, 228 மீட்டர். அந்தக் கண்டகி தாங்க நம்ம வீட்டு பூஜையில இருக்கற சாளக்கிராமம் கிடைக்கிற ஆறு. அங்க முதல்ல நம்மள எடை மெஷின்ல நிறுத்தறாங்க, எவ்வளவுன்னு மார்க்கர்ல கையிலயே எழுதிடறாங்க. பாலத்துக்குப் போனதும் இன்னொரு ஆளு அந்த நம்பரை சத்தமாப் படிக்கிறாரு, அதுக்கு ஏத்த ரப்பர் கயித்தை எடுக்கறாங்க. எடைக்கு ஒரு கயிறுங்க, எடை தப்புன்னா கயிறு தப்பு. பொண்ணுங்க பல பேர் எடை சொல்லக் கூச்சப்பட்டு அஞ்சு கிலோ குறைச்சு சொல்லுவோம், வேற எங்கயாவது சும்மா வாய்ல எடை கேட்டுட்டு கயிறு கட்டறாங்கன்னா அங்கிருந்து அப்படியே திரும்பி வந்துடுங்க.

எங்கள்ல ஒருத்திக்கு சின்ன வயசுல இருந்தே பெரிய பவர் கண்ணாடி, ரெட்டினாவுல, அதாவது கண்ணுக்குள்ள இருக்கற விழித்திரையில, லேசர் பண்ணியிருக்காங்க. ஃபார்ம்ல பிபி, இதயம், வலிப்பு, முதுகு, கர்ப்பம், கண் ஆபரேஷன்னு வரிசையா கேட்டிருந்துச்சு, அவ மறைக்காம டிக் பண்ணா. நீங்க குதிக்க முடியாது, பாலத்துல நின்னு பாருங்கன்னு சொல்லிட்டாங்க. அவ்ளோ தூரம் வந்துட்டு அவ அழுதுட்டா, எங்களுக்கும் மனசே சரியில்ல, ஆனா அந்த முடிவு தான் சரி, தலைகீழா தொங்கறப்ப கண்ணுல ஏறற அழுத்தத்துல ஏற்கெனவே பலவீனமான ரெட்டினா பிய்ஞ்சு போக வாய்ப்பு இருக்கு. அந்த ஃபார்ம நம்ம ஆளுங்க பெரும்பாலும் படிக்காம கையெழுத்து போட்டுடறாங்க, இங்கிலீஷ்ல பொடி எழுத்துல இருக்கும், பின்னாடி வரிசை நிக்கும், பசங்க வேற கிண்டல் பண்ணுவாங்க. நின்னு படிங்க, புரியலன்னா கேளுங்க, எவ்ளோ பேர் பின்னாடி நின்னாலும் பரவால்ல.

காத்மாண்டு போற வழியில திரிசூலி ஆத்துல ராஃப்டிங், வேகமா ஓடற தண்ணியில ரப்பர் படகுல போறது. தண்ணி ஐஸ். லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்டற அளவுக்கு இறுக்கி தோள்பட்டையப் புடிச்சு தூக்கிப் பாத்தாங்க, மேல கழண்டு வந்தா லூசுன்னு அர்த்தம். துடுப்போட நுனியில T எழுத்து மாதிரி இருக்கற கைப்பிடிய ஒருபோதும் விடக் கூடாது, ஏன்னா அது தான் பக்கத்துல இருக்கறவங்க பல்லை உடைக்கிறது. விழுந்துட்டா எந்திரிச்சு நிக்கப் பாக்காதீங்க, பாறை இடுக்குல கால் மாட்டிக்கிட்டா தண்ணி உங்களை அப்படியே அமுக்கிடும், மல்லாக்க படுத்து காலை தண்ணி போற பக்கம் நீட்டிக்கிட்டு மிதங்கன்னு சொல்லி கரையிலயே படுக்க வெச்சு காமிச்சாங்க. எங்க காவிரியிலயும் பவானியிலயும் வருஷா வருஷம் எத்தனை பிள்ளைங்களைப் பறிகொடுக்கிறோம், இதை ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தா என்னன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. படகுக்கு முன்னாடி ஒரு பையன் தனியா கயாக்ங்கற சின்னப் படகுல போய்ட்டே இருந்தான், யாராவது விழுந்தா புடிக்கிறதுக்குன்னே. ஒரு பெரிய அலையில என் பிரெண்டு ஒருத்தி நிஜமாவே விழுந்தா, அவ மல்லாக்க மிதந்தா, அந்தப் பையன் கயாக்கை கொண்டு வந்து அவ கிட்ட நிறுத்தினான், கயாக்கோட முன் நுனியப் புடிச்சுக்கிட்டு வந்து படகுல ஏறினா, அவ்ளோ தான். சேஃப்டி கயாக் இல்லாம ஒரே ஒரு படகு மட்டும் தனியா போகுதுன்னா ஏறாதீங்க.

இனி இன்ஷூரன்ஸ். ஊர்ல ஒரு ஏஜென்ட் டிராவல் இன்ஷூரன்ஸ் சேர்த்து தான் பேக்கேஜ்னு சொன்னாரு, எல்லாம் கவர் ஆகும்மா கவலைப்படாதீங்கன்னாரு. பிரெண்டோட அக்கா இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க, அவங்க பாலிசிய வாங்கிப் படிச்சுட்டு ஒரு வரியைக் காட்டினாங்க, சாகச விளையாட்டுல அடிபட்டா பணம் கிடையாது. அதாவது நாங்க எதுக்காக போறோமோ அதுக்கு மட்டும் கவர் இல்ல. அந்த பேக்கேஜை விட்டுட்டு தனியா கூடுதல் பணம் கட்டி சாகச விளையாட்டு சேர்ந்த பாலிசி எடுத்தோம், அதுலயும் எந்தெந்த விளையாட்டு, எவ்வளவு உயரம் வரைக்கும்னு பேர் போட்டு இருக்கான்னு பாத்து தான் எடுத்தோம். பாராகிளைடிங், பஞ்சி, ராஃப்டிங் எல்லாம் உள்ள பேக்கேஜை விக்கிறவங்க, அதுக்கு உதவாத பாலிசிய சேர்த்து விக்கிறது எந்த ஊரு நியாயம்ங்க? காலோ முதுகோ போச்சுன்னா வெளிநாட்டு ஆஸ்பத்திரில பணம் கட்டினா தான் உள்ளயே விடுவாங்க, அப்ப ஊர்ல இருக்கற அப்பாவும் அம்மாவும் நகையத் தூக்கிட்டு அடகுக் கடைக்கு ஓடணும்.

அந்தப் பெரியவருக்கு இன்னொண்ணும் சொல்லணும். குஷ்மா வழியா போற அதே ரோடு தான் பெனி, ஜோம்சோம் தாண்டி முக்திநாத் கோயிலுக்குப் போகுது. திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம்ங்கற திவ்யதேசம் அது தான்னு நம்ம ஊர்ல இருந்து வருஷா வருஷம் எவ்வளவோ பெரியவங்க போறாங்க. நாங்க பாலத்துல நின்னப்ப கீழ ரோட்டுல தமிழ்ல பேனர் கட்டின வேன் போச்சு, மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, பொக்கரா 800 மீட்டர் சொச்சம், முக்திநாத் 3,700க்கு மேல. ரெண்டு நாள்ல, சிலர் ஜோம்சோம் வரைக்கும் பிளைட்ல ஒரே காலையில, அவ்வளவு உயரம் ஏறறாங்க, ஏறி அந்தக் குளிர்ல கோயில்ல வரிசையா கொட்டற 108 தண்ணி தாரையிலயும் தலையக் காட்டறாங்க. 2,500 மீட்டருக்கு மேல போனாலே ஆக்சிஜன் குறைச்சல்ல தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கறது ஆரம்பிக்கலாம், இதயக் கோளாறு, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு கேக்கவே வேண்டாம். எங்க தெருவுல ஒரு தாத்தா ஜோம்சோம்லயே மூச்சு முட்டி சாமியப் பாக்காம திரும்பி வந்தாரு, அவரை டூர்ல சேக்கறப்ப யாரும் பிபி கூட பாக்கல. கயித்தக் கட்டி குதிக்க 25 வயசுப் பொண்ணுக்கு ஒரு பக்கம் ஃபார்ம், எடை, நோய் விவரம் எல்லாம் கேக்கறாங்க, 70 வயசு தாத்தாவ இமயமலைக்கு கூட்டிட்டுப் போக ஆதார் ஜெராக்ஸ் மட்டும் போதும்ங்கறாங்க. பசங்களைக் கண்டிக்கணும்னு எழுதின ஐயா தன் வயசுக்காரங்க ஏறற அந்த வேனைப் பத்தியும் ஒரு கடிதம் எழுதணும்னு ரொம்ப மரியாதையோட கேட்டுக்கறேன், அவர் சொன்னா நாலு பேர் கேப்பாங்க.

ஆசிரியர் ஐயா, உங்க கிட்ட என் வேண்டுகோள் இது. ஏப்ரல்ல பரீட்சை முடியறப்ப டூர் விளம்பரமா உங்க பேப்பர்ல வரும். அதுக்கு முன்னாடி ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி, பாலிசில சாகச விளையாட்டு இருக்கா, உயர வரம்பு எவ்வளவு, நோய் விவரம் கேட்டு எழுதி வாங்கறாங்களா, காத்து தண்ணி சரியில்லன்னா பணம் திரும்பத் தருவாங்களா இல்ல வேற நாள் தருவாங்களான்னு, இதையெல்லாம் தமிழ்ல, படிக்கிற சைஸ் எழுத்துல போடுங்க. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசரையும் ஒரு டாக்டரையும் பேச வெச்சா இன்னும் நல்லது. டூர் ஏஜென்ட்டுங்க பாலிசியோட விலக்கு, அதாவது எதெதுக்குப் பணம் கிடையாதுன்னு தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கணும்னு நம்ம சுற்றுலாத் துறை ஒரு உத்தரவு போட்டா பெரிய உதவி, அதையும் நீங்க தான் எடுத்துச் சொல்லணும்.

எங்க பாலிசில இருந்த அந்த விலக்குப் பகுதிய அக்கா கிட்ட கேட்டு கேட்டு தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன். வேணும்னு சொன்னீங்கன்னா தபால்ல அனுப்பி வெக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.