பேரப்பிள்ளையின் தலைப் பொருக்கு

களுவாஞ்சிகுடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் படிந்திருக்கும் மஞ்சள் பொருக்கைக் கண்டு நான் பயப்படவில்லை; "நான் ஒழுங்காகக் குளிப்பாட்டாததால்தான் வந்ததா அம்மா?" என்று நீ கேட்டிருந்ததுதான் என்னை வருத்தியது. தொலைபேசியில் சொன்னால் பாதியைப் பிள்ளையின் அழுகை கொண்டுபோய்விடும் என்பதால், நீ ஆறுதலாக இருந்து வாசிக்கும்படி எழுதுகிறேன்.

உன் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. இது அழுக்கினால் வருவதில்லை. நீ சாப்பிட்ட சாப்பாட்டினாலோ, பாலினாலோ, உடம்புச் சூட்டினாலோ வருவதுமில்லை. வயிற்றில் இருந்தபோது உன்னிடமிருந்து பிள்ளைக்குப் போன ஹோர்மோன்கள் பிறந்த பிறகும் சில காலம் அதன் உடம்பில் நின்று, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை அளவுக்கு மீறித் தூண்டிவிடுகின்றன என்றும், எல்லோருடைய தோலிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சை அந்த எண்ணெயில் பெருகுவதும் இதற்குத் துணைபோகிறது என்றும் வைத்தியர்கள் கருதுகிறார்கள். உதிர வேண்டிய பழைய தோல் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு பொருக்காகிவிடுகிறது. பிறந்து 3 கிழமைக்கும் 3 மாதத்துக்கும் இடையில்தான் இது பெரும்பாலும் தொடங்கும். உன் பிள்ளைக்கு இப்போது 7 கிழமை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது, பிள்ளைக்குப் பெரிதாக அரிப்பதுமில்லை. பார்க்கிற நமக்குத்தான் மனம் பொறுக்காது.

அந்தப் பொறுக்காத மனத்தைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்வந்த நாட்களில், ஒரு வீட்டில் இதே போலத் தலை முழுவதும் பொருக்கோடு ஒரு பிள்ளையைக் கண்டேன். தாய் என்னைவிட இளையவள். அவளுக்கு முன்னால் என் கைத்திறமையைக் காட்ட வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைப் பூசிய கையோடு, ஊறுவதற்குக்கூட விடாமல், பேன் சீப்பால் வாரி எடுத்தேன். பொருக்கோடு முடியும் சேர்ந்து வந்தது, அங்கங்கே இரத்தம் புள்ளியாகக் கசிந்தது. மூன்றாம் நாள் போனபோது அந்த இடங்களில் நீர் வடிந்து, சிவந்து, நாற்றமும் எடுத்திருந்தது. வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் மருந்து கொடுத்துத்தான் மாற்றினோம். அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான், நகத்தால் ஒரு துண்டைக்கூட உரித்தெடுக்காதே என்று உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

குளிப்பாட்டுவதற்கு 15, 20 நிமிடத்துக்கு முன் பேபி எண்ணெயையோ வாஸ்லினையோ பொருக்கின் மேல் மெல்லத் தடவி ஊறவிடு. அங்கே ரொறன்ரோவில் பலரும் பூசும் ஒலிவ் எண்ணெய் வேண்டாம், அது பிள்ளையின் தோலைக் காக்கும் மேற்படலத்தைக் கெடுக்கும். கடலை எண்ணெயும் வேண்டாம். ஊறிய பிறகு பிள்ளைகளுக்கான மென்மையான ஷாம்பூவைப் போட்டு, விரல் நுனியாலோ மிருதுவான பிரஷ்ஷாலோ வட்டமாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை வெதுவெதுப்பான நீரால் கழுவு. நம் ஊரில் எண்ணெயைப் பூசி அப்படியே நாள்முழுவதும் விட்டுவிடுவார்கள். நின்ற எண்ணெயில் பொருக்கு இன்னும் இறுகி ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களின் பொடுகு ஷாம்பூவைத் தொடாதே, அவற்றில் சிலவற்றிலுள்ள சாலிசிலிக் அமிலம் தோலின் வழியாகப் பிள்ளையின் உடம்புக்குள் போய்விடும். புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் இருப்பதை நனைத்த பஞ்சால் துடைத்தாலே போதும். ஒவ்வொரு குளிப்பிலும் தானாகக் கழன்று வருவதை மட்டும் எடு. அதோடு சில முடிகள் வந்தாலும் பதறாதே, திரும்ப முளைக்கும்.

நீ உச்சிக்குழியைத் தொடப் பயந்து அந்த இடத்தை மட்டும் கழுவாமல் விடுகிறாய் என்று படத்தைப் பார்த்தபோதே நினைத்தேன், ஏனென்றால் அங்கேதான் தடிப்பு அதிகம். எலும்பு இன்னும் கூடாத இடமாக இருந்தாலும் அதற்குக் கீழே உறுதியான சவ்வு இருக்கிறது. விரலால் மெல்லத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது.

முடி இறக்கிவிட்டால் பொருக்கும் போய்விடும் என்று மாமி சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் பேரப்பிள்ளை மேல் உள்ள ஆசையில் சொல்கிறார். 31ஆம் நாள் துடக்குக் கழிவோடு நீங்கள் அங்கே முடி இறக்கவில்லை என்ற குறை அவர் மனத்தில் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனாலும் பொருக்கின் மேல் சவரக் கத்தி ஓடினால் தோல் வெட்டுப்படும். அடியில் உள்ள சுரப்பியை அது ஒன்றும் செய்யாது. தலை தெளிந்த பிறகு நீங்கள் இங்கே வரும்போது மாமாங்கேஸ்வரர் கோயிலில் இறக்கலாம் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்.

நீர் வடிந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, பொருக்கு முகத்துக்கும் உடம்புக்கும் பரவினாலோ, பிள்ளை தலையைத் தேய்த்துத் தேய்த்து அழுதாலோ, தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டு. புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளுடையவை; நம் பிள்ளையின் நிறத்தில் சிவப்பு அப்படித் தெளிவாகத் தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ வெளிறியோ தெரியும், தொட்டால் சூடாகவும் இருக்கலாம். பூஞ்சைக்கான மருந்தையோ ஸ்டிரோயிட் களிம்பையோ வைத்தியர் எழுதித் தராமல் நீயாக வாங்கிப் பூசாதே. இந்த அறிகுறிகள் ஒன்றும் இல்லாவிட்டால், ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்.

நம் ஊர் வழக்கப்படி பெண்பிள்ளை தாய்வீட்டில்தான் குடியிருப்பாள். நீ இங்கே இருந்திருந்தால் முதல் மூன்று மாதமும் பிள்ளையை என் காலில் கிடத்தி நானே குளிப்பாட்டியிருப்பேன். நீ இப்படித் தனியாக ரொறன்ரோவில் இருந்து பயந்திருக்க மாட்டாய். அந்த ஏக்கத்தோடுதான் இவ்வளவையும் எழுதினேன்.

ஒரு கிழமை இப்படிச் செய்த பிறகு, குளிப்பாட்டித் துடைத்த கையோடு, யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. நேற்றைய படம் மஞ்சள் விளக்கொளியில் இருந்ததால், பொருக்கைச் சுற்றியுள்ள தோலின் நிறத்தை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அன்புடன்,
அம்மா