காஸ் கீழே போகும், நெருப்புத்தான் மேலே போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காஸ் கசிந்தால் குசினியின் மேல் யன்னலைத் திறந்தால் போதும், அது எழும்பி வெளியே போய்விடும் என்று போன கிழமை உங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில் போட்டிருந்தீர்கள். வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 2021 கடைசியில் இலங்கை முழுக்கக் காஸ் வெடித்த செய்திகளைப் பார்த்துப் பயந்து, சிலிண்டரை முற்றத்தில் வைத்துச் சமைத்த ஆட்கள் நாங்கள்.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடப் புரொப்பேன் ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் ஊற்றின தண்ணீர் மாதிரி நிலத்தோடு படர்ந்து, அலுமாரிக்குக் கீழே, தண்ணீர் போகிற ஓட்டை, வாசற்படியின் உள்பக்கம் என்று பள்ளம் பார்த்துத் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றக்கூடியது அது.

ஆனால் எரிந்த பிறகு கதை வேறு. சூட்டில் விரிந்து, சுற்றியுள்ள காற்றின் பாரத்தில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்குதான் அதற்கு மிஞ்சும். பாரமான குளிர்காற்றைப் பூமி கீழே இழுக்க, அது உள்ளே புகுந்து சுவாலையை மேலே தள்ளிவிடுகிறது, கிணற்றுக்குள் அமுக்கின தேங்காய் மேலே வருகிறதே, அந்த மாதிரி.

அடுப்பை முழுதாகத் திறந்து ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். நீலச் சுவாலைகள் வெளிப்பக்கமாகச் சரிந்து சீறும், அது காஸ் வருகிற வேகம். குறைத்துவிட்டால் வேகம் அடங்கி, அவையே மேலே வளைந்து நிமிரும். (இதைப் பேத்திக்குக் காட்டப்போய் அன்றைக்குச் சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.) எடை தெரியாத இடத்தில் இந்த மேலும் கீழும் இல்லை: 1996இல் மீர் விண்வெளி நிலையத்தில் கொளுத்தின மெழுகுதிரியின் சுவாலை கூராக எழும்பவில்லை, மங்கின நீலத்தில் ஒரு குமிழ் மாதிரி நின்றது.

சரி, நான் கேட்பது இதுதான். மணம் வந்தால் றெகுலேற்றரை மூடி, லைற், ஃபான் சுவிச் எதையும் தொடாமல், நிலம் வரை திறக்கிற கதவுகளைத் திறந்து வெளியே போகச் சொல்லி எழுதுங்கள். மேல் யன்னல் சமையல் சூட்டுக்கு நல்லது, கசிவுக்கு உதவாது. திருத்தத்தை அந்தக் குறிப்பு வந்த அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் போடுவீர்களா?

ஒரு வாசகி,
கொக்குவில்