வீடு தேடி வந்த செவிலியர் அக்காவுக்கு

அப்பாவுக்கு இனி சிகிச்சை இல்லை என்றான பிறகு, சூளகிரி பக்கம் எங்கள் வீட்டுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வந்துபோன செவிலியர் அக்காவுக்கு நன்றி. (அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.) படுக்கைப்புண் வராமல் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிது, "எல்லாம் சரியாகிடும்" என்று ஒருநாளும் நீங்கள் பொய் சொல்லாதது. "இன்னைக்கு என்ன சாப்பிடத் தோணுதுங்க ஐயா?" என்றுதான் கேட்டீர்கள். செந்தூரா மாம்பழம் என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் சாவைப் பற்றி மறைத்துப் பேசவில்லை. தோப்பைப் பார்க்கக் கட்டிலை வாசலில் போடச் சொன்னார், பேரனை அதட்டினார், சிரித்தார். நல்ல நாட்கள் அக்கா அவை, நிஜமாகவே. காரியம் முடிந்துவிட்டது. அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார், அவசியம் வாங்க.